13 பாட்டு, ஒரு கட்டைவிரல்: மிசிசிப்பி ஜான் ஹர்ட்டின் 1928 சிடி

அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரத்துக்குக் குடிவந்து பதினோரு வருடம் ஆகிறது. ப்ளூஸ் என்ற அமெரிக்கக் கருப்பர் இசைக்கு இதுதான் தலைநகரம் என்று வந்த அன்றே சொல்லிவிட்டார்கள். பீல் தெருவில் சனிக்கிழமை ராத்திரி நடந்தால் வாசலுக்கு வாசல் ஒரு எலெக்ட்ரிக் கிடார் அலறும். கூட வேலை பார்ப்பவர்கள் கூப்பிட்டால் போவேன், காது அடைத்துப்போய்த் திரும்புவேன். "இதுதான் ப்ளூஸ்னா நமக்கு வேண்டாம்பா" என்று வீட்டுக்காரரிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். அந்த நான் ஒரு ப்ளூஸ் சிடிக்கு விமர்சனம் எழுத உட்கார்ந்திருப்பதைப் பார்த்து அவர் சிரிக்கிறார். சிரிக்கட்டும்.

சிடியின் பெயர் 'அவலான் ப்ளூஸ்', 1928-ல் ஓகே கம்பெனிக்காகப் பதிவான பாட்டுகளின் முழுத் தொகுப்பு. கொலம்பியா ரெக்கார்டுக் கம்பெனியின் லெகசி பிரிவு 1996-ல் வெளியிட்டது. பாடுவதும் கிடார் வாசிப்பதும் மிசிசிப்பி ஜான் ஹர்ட் என்ற ஒரே ஆள். மொத்தம் 13 பாட்டு, சுமார் 40 நிமிடம். ஓகே என்பது நாம் தலையாட்டிச் சொல்லும் ஓகே இல்லை. அந்தக் கம்பெனியைத் தொடங்கிய ஓட்டோ ஹைன்மனின் பெயரிலிருந்து எடுத்த எழுத்துகள்.

நான் இதைத் தேடி வாங்கவில்லை. பையன் பழைய ரெக்கார்டுக் கடையில் எதையோ துழாவிக்கொண்டிருந்தான். சும்மா நிற்கப் பிடிக்காமல் 'எதை எடுத்தாலும் 6 டாலர்' பெட்டியைக் கிளறினேன். கையில் இது வந்தது. மூடியில் ஒரு விரிசல். உள்ளே இருந்த சின்னப் புத்தகத்தின் மேல் முந்தைய சொந்தக்காரர் காபிக் கோப்பையை வைத்த பழுப்பு வட்டம். எடுத்ததற்குக் காரணம் இசையே இல்லை. 1928 எங்கள் பாட்டி பிறந்த வருடம். அவ்வளவுதான்.

இரண்டு நாள் கழித்து, ஆஸ்பத்திரி லேபில் ராத்திரி ஷிஃப்ட் முடித்துவிட்டு, காலை ஏழு மணிக்குக் காரில் போட்டேன். முதலில் எண்ணெயில் கடுகு வெடிக்கிற மாதிரி இரைச்சல். அதற்கடியிலிருந்து கிடார் ஓட ஆரம்பித்தது. வாசிக்க ஆரம்பித்தது என்று சொன்னால் போதாது, ஓடியது. அதன் மேல் ஒரு குரல், பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி, கொஞ்சம்கூட மூச்சு வாங்காமல். 'ஃபிராங்கி' என்ற முதல் பாட்டு அது. பாட்டு முடிகிற வரை காரைக் கிளப்பவில்லை.

சாயங்காலம் பையனுக்குப் போட்டுக் காட்டினேன். அவன் ரெண்டு வருடம் கிடார் வகுப்புக்குப் போய்விட்டு மூலையில் சாத்தி வைத்தவன்.

"இது ரெண்டு கிடார்தானேம்மா?"

"ஒண்ணுதான்டா. அட்டையில போட்டிருக்கு பாரு."

"சான்ஸே இல்ல. கீழ ஒருத்தர் வாசிக்கிறார், மேல ஒருத்தர் வாசிக்கிறார்."

ஸ்பெயின் நாட்டு கிடார் மேதை செகோவியா இவருடைய ரெக்கார்டைக் கேட்டுவிட்டு, இன்னொரு கிடார் வாசிப்பது யார் என்று கேட்டதாக ஒரு கதை உலவுகிறது. கட்டுக்கதையாகத்தான் இருக்கும். ஆனால் எங்கள் வீட்டு ஹாலில் அது அப்படியே நடந்தது.

அந்த 'கீழே வாசிக்கிறவர்' ஹர்ட்டின் வலது கைக் கட்டைவிரல். 1960களில் நாட்டார் பாடகர் பீட் சீகரின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் ஹர்ட் வாசித்த படம் இருக்கிறது. அதை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். மோதிரவிரலும் சுண்டுவிரலும் கிடார் பலகையில் ஊன்றியபடி நகராமல் இருக்கின்றன. கட்டைவிரல் தடித்த கம்பிகளில் ஒன்று, அடுத்தது, மறுபடி முதலாவது என்று மாறி மாறி விழுந்துகொண்டே இருக்கிறது. பெண்டுலம் போல. பாட்டு எங்கே போனாலும் அது நிற்பதில்லை, அவசரப்படுவதுமில்லை. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மட்டும் மெல்லிய கம்பிகளில் மெட்டை வாசிக்கின்றன. கட்டைவிரல் விழும் இடத்தில் பல நேரம் மெட்டு விழுவதில்லை, அதற்கு ஒரு மயிரிழை முன்னால் அல்லது இரண்டு அடிகளுக்கு நடுவில் விழுகிறது. காது ஏமாறுவது அங்கேதான். முகத்தைப் பார்த்தால் தொப்பி வைத்த ஒரு பெரியவர் திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை மடிக்கிற தோரணை. கையில் நடப்பதற்கும் முகத்துக்கும் சம்பந்தமே இல்லை.

எங்கள் அப்பா மிருதங்கம் வாசிப்பார். கச்சேரிக்கு முன்னால் ரவையைப் பிசைந்து தொப்பிப் பக்கம், அதாவது அடிநாதம் தரும் இடது பக்கம், அப்பித் தட்டித் தட்டிப் பார்ப்பார். "வலந்தலையில எவன் வேணா வித்தை காட்டிடுவான். தொப்பி நிக்கணும்" என்பது அவர் வாய்ப்பாடு. ஹர்ட்டைக் கேட்ட மூன்றாவது நாள் இந்த வாக்கியம் ஞாபகம் வந்தது. இங்கே கட்டைவிரல்தான் தொப்பி. பீல் தெருவில் எனக்குக் கேட்டதெல்லாம் வெறும் வலந்தலை.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், ப்ளூஸ் என்றாலே அழுகை என்று நினைத்து இதை வாங்குகிறவர்கள் ஏமாந்துபோவார்கள். இது ஆட்டத்துக்கு வாசித்துப் பழகிய கை. சனிக்கிழமை ராத்திரி ஊர் ஜனம் ஆடுவதற்கு ஒரே ஆள் ஒரே கிடாரோடு உட்கார்ந்தால், தாளமும் அவன்தான், சுருதியும் அவன்தான், பாட்டும் அவன்தான். கட்டைவிரல் ஒரு நொடி தடுமாறினால் ஆடுகிறவன் கால் தடுமாறும். அந்தப் பொறுப்பு 13 பாட்டிலும் கேட்கிறது. இந்த சிடியை நான் பார்க்கிறவர்களிடமெல்லாம் பரிந்துரைப்பதற்கு அதுதான் முதல் காரணம். ஹர்ட்டைப் பற்றி எழுதுகிற எல்லோரும் அவர் 'தொலைந்து கிடைத்த' கதையைத்தான் எழுதுகிறார்கள். அதுவும் நல்ல கதைதான், பிறகு வருகிறேன். ஆனால் அந்தக் கதையில் இந்தக் கை காணாமல் போய்விடுகிறது.

ஆள் மிசிசிப்பி மாநிலம் கேரல் கவுன்டிக்காரர். டீயாக் என்ற இடத்தில் பிறந்து, பக்கத்தில் அவலானில் வளர்ந்தார். பிறந்த வருடம் 1892 என்றும் 1893 என்றும் சொல்கிறார்கள். ஒன்பது வயதில் கிடாரைத் தொட்டார். அம்மா வாங்கிக் கொடுத்த பழைய கிடாரின் விலை ஒன்றரை டாலர். பிழைப்பு குத்தகை விவசாயம், நடுவில் சில மாதம் ரயில் பாதை வேலை. பாட்டு, ராத்திரிக்கும் சனிக்கிழமைக்கும்.

அதே ஊரில் வில்லி நார்மர் என்ற வெள்ளைக்கார ஃபிடில் வாசிப்பாளர் இருந்தார். அவருக்குக் கிடார் வாசிக்கும் ஷெல் ஸ்மித் வராத நாளில் ஹர்ட்தான் கூட உட்காருவார். ரெக்கார்டுக் கடைகளில் கருப்பர் பாட்டுக்கு ஒரு பட்டியல், வெள்ளையர் பாட்டுக்கு இன்னொரு பட்டியல் என்று கம்பெனிகள் கோடு கிழித்து வைத்திருந்த காலம். ஆட்டம் நடக்கும் இடத்தில் அந்தக் கோடு அவ்வளவு நேராக இல்லை போலிருக்கிறது. 1928-ல் நார்மர் ஒரு ஃபிடில் போட்டியில் ஜெயித்து, ஓகே கம்பெனியில் பதிவு செய்யும் வாய்ப்பைப் பெற்றார். கம்பெனியின் டாமி ராக்வெல் வந்தபோது, "எங்க ஊர்ல இன்னொருத்தர் இருக்கார்" என்று கை காட்டியவர் அவர்தான். ராக்வெல் ஹர்ட்டின் வாசிப்பைக் கேட்டார், மெம்ஃபிஸுக்கு வரச் சொன்னார்.

1928 பிப்ரவரி 14. மெம்ஃபிஸ். நான் தினம் வண்டி ஓட்டிப் போகிற இதே ஊர். எட்டுப் பாட்டு பதிவானது, வெளிவந்தது இரண்டு. அந்த நாளைப் பற்றி ஹர்ட்டே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். பெரிய ஹால், உள்ளே மூன்றே பேர். மைக்கை வாய்க்கு நேராகக் கொண்டுவந்து வைத்து, சரியான இடம் கிடைத்ததும் தலையை அசைக்கவே கூடாது என்று சொல்லிவிட்டார்களாம். கழுத்து வலி பல நாள் போகவில்லையாம். அதைப் படித்துவிட்டு 'ஃபிராங்கி'யை மறுபடி கேளுங்கள். அந்த வேகத்தில் கிடார் ஓடுகிறது, வாசிக்கிறவர் கழுத்தைக்கூடத் திருப்பாமல் உட்கார்ந்திருக்கிறார்.

இன்னொன்று. மின்சார மைக் ரெக்கார்டுக் கம்பெனிகளுக்கு வந்தது 1925-ல்தான். அதற்கு முன் பெரிய புனலுக்குள் கத்த வேண்டும், கத்துகிறவர்கள் குரல்தான் பதியும். ஹர்ட் கத்துகிற ஆள் இல்லை. மூன்று நான்கு வருடம் முந்தி அவரைக் கூட்டிவந்திருந்தால் இந்தக் குரல் தட்டில் ஏறியே இருக்காது. சார்லி பேட்டன், சன் ஹவுஸ் போன்ற டெல்டாக்காரர்கள், அதாவது மிசிசிப்பி டெல்டா சமவெளியின் ப்ளூஸ் பாடகர்கள், தொண்டையைக் கிழித்துப் பாடுவார்கள். ஹர்ட் தூங்கும் குழந்தை எழுந்துவிடுமோ என்பது போலப் பாடுவார்.

அந்த வருட நவம்பரில் ராக்வெல் கடிதம் எழுதினார். நியூயார்க்குக்கு வா, ஏற்றுக்கொள்ளும் பாட்டு ஒன்றுக்கு 20 டாலர், போய்வரும் செலவு எங்களுடையது, எட்டுப் பாட்டாவது தயார் செய், அதில் குறைந்தது நாலு பழைய பாட்டாக இருக்கட்டும். ஹர்ட் போனார். டிசம்பர் 21-லும் 28-லும் பதிவு. நடுவில் கிறிஸ்மஸ். பெரிய நகரத்தில் ஊர் ஞாபகம் வாட்டியதில் பிறந்ததுதான் 'அவலான் ப்ளூஸ்'. என் சொந்த ஊர் அவலான், எப்போதும் அதே நினைப்பு என்கிற பாட்டு. அவர் பெயருக்கு முன்னால் 'மிசிசிப்பி' என்ற ஒட்டைப் போட்டதும் விற்பனைக்காகக் கம்பெனி செய்த வேலை. ஊரில் அவர் வெறும் ஜான்.

இனி பாட்டுகள். பதிமூன்றையும் வரிசையாகச் சொல்லப் போவதில்லை, எனக்குப் பிடித்ததை மட்டும்.

இதில் கொலைப் பாட்டுகள் மட்டும் மூன்று. முதல் இரண்டும் செயின்ட் லூயிஸ் நகரத்தில் நிஜமாக நடந்த கொலைகளிலிருந்து கிளைத்தவை. 1899-ல் ஃபிராங்கி பேக்கர் என்ற பெண் தன் காதலன் ஆலன் பிரிட்டைச் சுட்டாள். தற்காப்பு என்று நீதிமன்றம் அவளை விட்டுவிட்டது. பாட்டாகி ஊர் ஊராகப் போனபோது பல பாடல்களில் அவளைத் தூக்கில் போட்டுவிட்டார்கள். ஹர்ட்டின் நீதிபதி அவள் செய்தது நியாயம் என்கிறார். எனக்கு அதில் ஒரு திருப்தி. 'ஸ்டேக் ஓ லீ' 1895 கிறிஸ்மஸ் ராத்திரி நடந்தது: லீ ஷெல்டன், பில்லி லயன்ஸ், நடுவில் ஒரு ஸ்டெட்சன் தொப்பி. தொப்பிக்காக ஓர் உயிர். ஹர்ட் அதைப் பதிவு செய்தது 1928 டிசம்பர் 28, கொலை நடந்து முப்பத்து மூன்று வருடமும் மூன்று நாளும் கழித்து. பில்லி, எனக்குப் பெண்டாட்டி பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று கெஞ்சுகிற இடத்தில்கூடக் குரல் உயர்வதில்லை. நம் ஊரில் கொலைச்சிந்து பாடுகிறவர்கள் அந்த இடத்தில் கூட்டத்தை அழவைத்துவிட்டுத்தான் ஓய்வார்கள். இவர் நடந்ததைச் சொல்கிறார், கட்டைவிரல் பாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கிறது. அது பயமாக இருக்கிறது.

மூன்றாவது 'லூயிஸ் காலின்ஸ்'. இந்தத் தட்டில் ஒரே ஒரு பாட்டைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்றால் நான் இதை வைத்துக்கொள்வேன். மகன் வெளியே கிளம்பும்போதே தாய்க்கு மனசு அடித்துக்கொள்கிறது. அவன் சுடப்பட்டுவிடுகிறான். தேவதைகள் அவனைக் கிடத்துகிறார்கள் என்ற ஒரே வரி திரும்பத் திரும்ப வருகிறது. மெட்டு தாலாட்டு. ராத்திரி ஷிஃப்டில் வேலை பார்க்கிறவள் நான். துப்பாக்கிக் குண்டு பட்டு வருகிற பையன்களின் ரத்தம் குழாயில் என் மேஜைக்கு வரும், பெயரும் வயதும் ஒட்டி. சில காலைகளில் இந்தப் பாட்டைத் தாண்டி அடுத்த பாட்டுக்குப் போய்விடுவேன்.

'கேண்டி மேன்' வேறு ரகம். மாமியார் வந்திருந்தபோது சமையலறையில் ஓடிக்கொண்டிருந்தது. "யாருடி இந்தத் தாத்தா, எவ்வளவு சாந்தமா பாடுறார், குழந்தைப் பாட்டா?" என்றார். இல்லை அத்தை, மிட்டாய்க்காரர் பாட்டு என்று சொல்லி நிறுத்திக்கொண்டேன். மிட்டாயின் அர்த்தத்தை விளக்குகிற தைரியம் எனக்கில்லை. தாத்தாவும் இல்லை, அப்போது அவருக்கு முப்பத்தைந்து வயதுதான் இருக்கும். அதே பதிவில் கொஞ்ச நேரத்தில் இரண்டு கிறிஸ்தவ பக்திப் பாட்டுகள் வருகின்றன, அதே குரல், அதே முகபாவம். சனிக்கிழமைக்கும் ஞாயிற்றுக்கிழமைக்கும் அவர் கிடாரை மாற்றவில்லை.

கடைசிப் பாட்டு 'ஸ்பைக் டிரைவர் ப்ளூஸ்'. பாறையைத் துளைக்கும் இயந்திரத்தோடு போட்டி போட்டு ஜெயித்து, சம்மட்டியைக் கையில் பிடித்தபடியே செத்துப்போன ஜான் ஹென்றியின் கதை அமெரிக்காவில் எல்லோருக்கும் தெரியும். வீரக் கதையாகத்தான் பாடுவார்கள். ஹர்ட் பாட்டில் பேசுகிறவன் வீரன் இல்லை, இன்னொரு கூலிக்காரன். இந்தச் சம்மட்டிதான் ஜான் ஹென்றியைக் கொன்றது, என்னைக் கொல்லாது, மேஸ்திரியிடம் கொண்டுபோய்க் கொடு, நான் போய்விட்டேன் என்று சொல். அவ்வளவுதான் பாட்டு. ரயில் பாதையில் வேலை செய்தவர்களிடமிருந்து வந்த பாட்டு என்பது கேட்டாலே தெரிகிறது. வீரனாகச் சாகச் சொல்லி மேஸ்திரிதான் ஆசைப்படுவான்.

பிறகு என்ன ஆயிற்று என்பது சுருக்கம். ரெக்கார்டுகள் பெரிதாக விற்கவில்லை. 1929-ல் பங்குச்சந்தை விழுந்தது, பெருமந்தம் வந்தது, ரெக்கார்டு வியாபாரமே படுத்துவிட்டது. ஹர்ட் வயலுக்குத் திரும்பினார். முப்பத்தைந்து வருடம் யாரும் தேடவில்லை. 1952-ல் ஹேரி ஸ்மித் தொகுத்து ஃபோக்வேஸ் கம்பெனி வெளியிட்ட அமெரிக்க நாட்டார் இசைத் தொகுப்பில் அவருடைய இரண்டு பாட்டு இடம்பெற்றது. நகரத்து இளைஞர்கள் அதைக் கேட்டுக் கிறங்கினார்கள். ஆள் செத்துப்போயிருப்பார் என்றே எல்லோரும் நினைத்தார்கள்.

1963-ல் வாஷிங்டனைச் சேர்ந்த டாம் ஹாஸ்கின்ஸ், நண்பர் டிக் ஸ்பாட்ஸ்வுட் கொடுத்த துப்பை வைத்துக்கொண்டு கிளம்பினார். துப்பு என்ன? 'என் சொந்த ஊர் அவலான்.' அந்தக் காலத்து வரைபடங்களில் ஊர் பெயரே இல்லை. பழைய அட்லஸ் ஒன்றில் கிரீன்வுட்டுக்கும் கிரனேடாவுக்கும் நடுவில் கிடைத்தது. ஊர்க் கடையில் போய் விசாரித்தால், மேட்டில் மூன்றாவது தபால் பெட்டி என்று சாதாரணமாகக் கை காட்டினார்களாம். ஹர்ட் மாடு பார்த்துக்கொண்டிருந்தார். கிடார்கூடச் சொந்தமாக இல்லை. வந்தவர் போலீஸ் என்று நினைத்து, நான் ஒரு தப்பும் செய்யவில்லையே என்று பயந்தார் என்பது கதையில் எல்லோரும் சிரிக்கிற இடம்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கொஞ்சம் தேதியைப் பார்க்கலாம். பதினாலு வயதுக் கருப்புச் சிறுவன் எமெட் டில்லைப் பக்கத்து லெஃப்ளோர் கவுன்டியிலிருந்து கடத்திக்கொண்டுபோய் அடித்துக் கொன்றது 1955-ல். 1963 மார்ச் மாதம், வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்க கிரீன்வுட்டில் நடந்துபோன கருப்பர்கள் மேல் போலீஸ் நாயை ஏவியது. அதே வருடம் ஜூனில், கருப்பர் உரிமைக்காகப் போராடிய மெட்கர் எவர்ஸை அவர் வீட்டு வாசலிலேயே சுட்டார்கள். அப்படிப்பட்ட வருடத்தில், அப்படிப்பட்ட இடத்தில், முன்பின் தெரியாத வெள்ளைக்காரன் ஒருவன் காரில் வந்து உன் பெயர் ஜான் ஹர்ட்டா என்று கேட்டால், அறுபதைத் தாண்டிய ஒரு கருப்பு விவசாயி வேறு என்ன நினைப்பார்? அவர் 'தொலைந்து' போகவும் இல்லை. மேட்டில் மூன்றாவது தபால் பெட்டியில்தான் இருந்தார். ஊருக்கெல்லாம் தெரியும்.

அடுத்த மூன்று வருடத்தை ஒரு மூச்சில் சொல்லிவிடலாம். அதே ஜூலையில் நியூபோர்ட் நாட்டார் இசை விழா, கூட்டம் எழுந்து நின்றது. வாஷிங்டனில் குடியேற்றம், காபிக் கடைகள், கல்லூரிகள், அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்துக்காகப் பதிவு, வேன்கார்ட் கம்பெனியில் புது ஆல்பங்கள். பிறகு ஊருக்கே திரும்பிவிட்டார். 1966 நவம்பர் 2-ஆம் தேதி கிரனேடாவில் இறந்தார்.

2022 அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் மூன்று பேரும் அவலானுக்குப் போனோம். மெம்ஃபிஸிலிருந்து தெற்கே கிரனேடா வரை பெரிய நெடுஞ்சாலை, பிறகு 7-ஆம் எண் சாலை. வலது கைப் பக்கம் தட்டையாகப் பருத்தி, கண்ணுக்கு எட்டின தூரம். இடது கைப் பக்கம் சட்டென்று மரம் அடர்ந்த மேடு. டெல்டா முடிந்து குன்று தொடங்குகிற கோடு அது. டெல்டாக்காரர்களின் கரடுமுரடும் இல்லாமல், குன்றுக்காரர்களின் ஃபிடில் பாட்டும் முழுசாக இல்லாமல் இவர் வாசிப்பு ஏன் இரண்டுங்கெட்டானாக இருக்கிறது என்று அங்கே நின்றால் புரிகிற மாதிரி இருந்தது. (வீட்டுக்காரர் இதை ஒத்துக்கொள்ளவில்லை. "நீ எதைப் பார்த்தாலும் பாட்டோட முடிச்சுப் போடுவ" என்றார்.)

அவர் வாழ்ந்த மர வீட்டை அருங்காட்சியகமாக வைத்திருந்தார்கள். நாங்கள் போன அன்று பூட்டியிருந்தது. முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போயிருக்க வேண்டும், தப்பு எங்களுடையது. வரிசையாக அறைகள், முன்னால் ஒரு சின்னத் தாழ்வாரம். அந்தத் தாழ்வாரப் படியில் உட்கார்ந்து கொண்டுபோன எலுமிச்சை சாதத்தைச் சாப்பிட்டோம். பையன் காரில் சிடியைப் போட்டுக் கதவைத் திறந்து வைத்தான். ஊரை நினைத்து நியூயார்க்கில் பாடிய பாட்டு அந்த ஊரிலேயே கேட்டது. 2024 பிப்ரவரியில் அந்த வீடு தீப்பிடித்து எரிந்துபோனது. செய்தியைப் பார்த்ததும் பையன்தான் முதலில் மெசேஜ் அனுப்பினான்: "அம்மா, அந்தப் படி."

சரி, குறைகள். ஒன்று, இரைச்சல். மூலத் தட்டுகள் கிடைத்தது கிடைத்த நிலையில், நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பழைய தட்டுகள். 1996-ல் சுத்தம் செய்திருக்கிறார்கள், இருந்தாலும் கடுகு வெடிக்கிறது. நல்ல ஹெட்ஃபோனில் கேட்டால் தொந்தரவு அதிகம், கார் ஸ்பீக்கரில் குறைவு. நான் கார்க் கட்சி. இரண்டு, 'ப்ளூ ஹார்வெஸ்ட்'. கேட்டதற்காகப் பண்ணிக் கொடுத்த பாட்டு மாதிரி இருக்கிறது, மற்றவற்றில் இருக்கிற துள்ளல் இல்லை. மூன்று, 'முழுத் தொகுப்பு' என்ற தலைப்பு. இன்று கிடைப்பதில் முழுமை என்று எடுத்துக்கொள்ள வேண்டும். மெம்ஃபிஸில் பதிவான எட்டில் மிச்ச ஆறு பாட்டைக் கேட்க வழியே இல்லை. இந்த ஊரில், ஒரு பிப்ரவரி நாளில், கழுத்தை அசைக்காமல் வாசித்த ஆறு பாட்டு. அதை நினைத்தால் எனக்கு நிஜமாகவே வயிறு எரிகிறது. புத்தகத்தின் எழுத்து பொடி, கண்ணாடி போட்டும் விளக்கடியில் போக வேண்டியிருக்கிறது.

பலர் முதலில் 1966-ல் வந்த 'டுடே' ஆல்பத்தை வாங்கச் சொல்வார்கள். இரைச்சல் கிடையாது, குரல் கனிந்திருக்கிறது, கிடாரின் ஒவ்வொரு கம்பியும் தனித்தனியாகக் கேட்கிறது. அதில் காபியைப் பற்றி ஒரு பாட்டு உண்டு. 'லவின் ஸ்பூன்ஃபுல்' என்ற பிரபல இசைக்குழு அந்தப் பாட்டிலிருந்துதான் தன் பெயரை எடுத்துக்கொண்டது. என் சிடிப் புத்தகத்தில் இருக்கிற காபி வட்டத்தை இப்போது நான் குறையாக எண்ணுவதில்லை. நல்ல ஆல்பம், நானும் வாங்கினேன். ஆனால் அதில் வேகம் அறுபது தாண்டியவருடைய வேகம். அதை முதலில் கேட்டால், சாதுவான ஒரு தாத்தா என்று முடிவு கட்டிவிடுவீர்கள், மாமியார் மாதிரி. 1928-ஐ முதலில் கேட்டுவிட்டு அங்கே போனால், அந்தத் தாத்தா இளமையில் என்னவெல்லாம் செய்தார் என்பது தெரிந்து கேட்பீர்கள்.

யார் வாங்க வேண்டாம்: பின்னணியில் ஓடட்டும் என்று நினைக்கிறவர்கள், எலெக்ட்ரிக் கிடாரின் அலறல்தான் ப்ளூஸ் என்று முடிவு செய்தவர்கள். யார் வாங்கலாம்: மிருதங்கமோ தவிலோ கேட்டு வளர்ந்தவர்கள், முக்கியமாக. புதுசாகக் கிடைத்தாலும் சரி, கீறல் விழுந்ததாக இருந்தாலும் சரி. 5-க்கு நாலரை. அரையைக் குறைத்தது அந்தப் பொடி எழுத்துக்காக.

பையன் மூலையில் சாத்தி வைத்த கிடாரை நான் எடுத்துக்கொண்டுவிட்டேன். எட்டு மாதமாக 'ஸ்பைக் டிரைவர்' ஒன்றுதான். கட்டைவிரல் தனியாகப் போகிறது. மெட்டும் தனியாக வருகிறது. இரண்டையும் சேர்த்தால் மூன்றாவது வரியில் கட்டைவிரல் மெட்டின் பின்னால் ஓடிவிடுகிறது. "தொப்பி போச்சும்மா" என்று அடுத்த அறையிலிருந்து சத்தம் வருகிறது. மிருதங்கத் தாத்தாவை இவன் பார்த்ததே கிடையாது.